பீடி, புகை, பிள்ளை: கணவாயின் இரண்டு பக்கமிருந்தும் வரும் கேள்விகள்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போனாலும் அதே கேள்விதான், அதே 'விசேஷம்' என்ற சொல்லில். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் வைத்தியத்துக்குப் போவதும் இன்றைக்கும் இரண்டு பக்கமும் நடக்கிறது.

நான் தென்காசியில் ஒரு சின்ன லேபில் 17 வருஷமாக வேலை பார்க்கிறேன். விந்தணுப் பரிசோதனை என் மேசைக்குத்தான் வரும். டாக்டர் இல்லை நான். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போவதற்கு முன் ஜன்னலோரம் நின்று மெதுவாகக் கேட்பார்களே, அந்தக் கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும்தான் இவை. ஆளும் ஊரும் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

"எங்க அப்பா ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி குடிப்பார். நாங்க ஆறு பேர். புகைக்கும் பிள்ளைக்கும் என்னக்கா சம்பந்தம்?"

வாரத்துக்கு ஒருவராவது கேட்பது. நான் திருப்பிக் கேட்பேன்: மூத்த பிள்ளை பிறந்தபோது அம்மாவுக்கு என்ன வயது? பெரும்பாலும் 18, 19 என்பார்கள். இப்போது ஜன்னலில் நிற்கிற தம்பதியில் அவளுக்கு 30, அவருக்கு 35. இளவயதில் உடம்புக்குத் தாங்கும் சக்தி நிறைய. பாதியைப் புகை தின்றாலும் மீதியில் காரியம் நடந்துவிடும். நல்ல ஆரோக்கியமான இளம் ஜோடிக்கே ஒரு மாதத்தில் கரு தங்குவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 20, 25தான். புகை அதை இன்னும் கீழே இழுக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், புகைக்கிற பெண்களிடம் குழந்தையின்மை மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இன்னொன்று, ஆறு பேர் என்பது பிறந்து நின்ற கணக்கு. இடையில் எத்தனை கலைந்தது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கை அப்பாக்கள் வைத்துக்கொள்வதில்லை.

"ஆம்பிளைக்கு அப்படி என்னதான் செய்யுது? கவுண்ட் குறையுமா?"

விந்தணு எண்ணிக்கை குறையும். ஆனால் நான் முதலில் பார்ப்பது ஓட்டத்தை. மாதிரி வந்ததும் 37 டிகிரியில் வைப்போம். முதலில் கூழ் மாதிரி கட்டியாக இருக்கும். அரை மணியில், மிஞ்சினால் ஒரு மணியில் இளகிவிடும். ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மூன்று ரகம் தெரியும். நேராக முன்னேறுகிறவை, இருந்த இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டு சுற்றுகிறவை, அசையாமல் கிடப்பவை. குறைந்தது 200 எண்ணி, நூற்றுக்கு எத்தனை என்று எழுதுவோம். நல்ல மாதிரி என்றால் மழைக்குப் பிறகு வயல் தண்ணீரில் தலைப்பிரட்டை ஓடுகிற மாதிரி கண்ணுக்குள் நிற்காது, எண்ணுவதே கஷ்டம். நாளைக்கு ரெண்டு கட்டு குடிக்கிறவர்களின் தகட்டில் பல நேரம் எண்ணுவது சுலபமாக இருக்கும். அது நல்ல செய்தி அல்ல. இடையிடையே உருண்டை உருண்டையாக வெள்ளணுக்களும் தென்படும். உள்ளே எரிச்சல் இருக்கிறது என்று அர்த்தம்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்குப்படி ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு, மொத்த அசைவு 42 சதவீதம், முன்னேறி ஓடுபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். இவை கீழ் எல்லைகள். 2016இல் 20 ஆய்வுகளைச் சேர்த்து 5,865 ஆண்களின் கணக்கைப் பார்த்தார்கள். புகைப்பவர்களிடம் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைவு. அதிகம் குடிப்பவர்களிடம் குறைவு இன்னும் கூடுதல்.

காரணம் இதுதான். புகையில் காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களும் ரத்தத்தோடு விரைக்குள் போகின்றன. அங்கே செல்லைத் துருப்பிடிக்க வைக்கிற வேலை நடக்கிறது. மற்ற செல்களுக்கு அடிபட்டால் பழுது பார்த்துக்கொள்ளும் வசதி உண்டு. விந்தணுவோ வாலையும் தலையையும் தவிர ஒன்றும் வைத்துக்கொள்ளாத பயணி. அதனால் தலைக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழை அறுந்தால் அறுந்ததுதான். இந்த அறுந்த இழை சாதாரண ரிப்போர்ட்டில் தெரியாது. பீடி சுற்றும் நம் ஊர்ப் பெண்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: பீடி வெளியே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே இலை கிழிந்திருந்தால் கடையில் தள்ளிவிடுவார்கள் அல்லவா? அப்படித்தான் சில கருக்கள் தங்கிய பிறகு கலைகின்றன.

"ரிப்போர்ட் நார்மல்னு வந்துட்டு. இனி விட வேண்டியதில்லையே?"

அந்த 1 கோடியே 60 லட்சம் எப்படி வந்தது தெரியுமா? ஒரு வருஷத்துக்குள் மனைவிக்குக் குழந்தை தங்கிய ஆண்களை எடுத்து, அவர்களில் கடைசி 5 சதவீதம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே கோடு போட்டார்கள். பள்ளிக்கூடத்து 35 மார்க் மாதிரி தாண்டிவிட்டால் பாஸ் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலும், உங்கள் ரிப்போர்ட் உங்களைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. பக்கத்தில் படுத்திருப்பவளைப் பற்றி அல்ல. அதற்குக் கீழே வருகிறேன்.

"மூணு மாசம் மூணு மாசம்ங்கிறீங்களே, அது என்ன கணக்கு?"

ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள். பிறகு விரைக்கு மேலே சுருண்டு கிடக்கும் குழாயில் நீந்தப் பழகி வெளியே வர இன்னும் இரண்டு வாரம். ஆக, இன்று வருகிற மாதிரி மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதன் படம். சித்திரையில் பீடியை விட்டவர் ஆடிச் சாரல் நேரத்தில் மறுபடி மாதிரி கொடுத்தால்தான் வித்தியாசம் பார்க்க முடியும்.

பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. தென்மலைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு அண்ணனிடம் நான் கூச்சப்பட்டுக்கொண்டு, "மூணு நாள் விலகி இருக்கணும்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் வந்தார், கை லேசாக நடுங்குகிறது. "மூணு நாளா ஒரு பீடி தொடலைம்மா, தலை வெடிக்குது" என்றார். மனைவி பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து நான் எதையும் சுற்றிவளைத்துச் சொல்வதில்லை. ஒரு விஷயம், அந்த மூன்று நாளைத் தாண்டியதால் அவர் அப்படியே விட்டுவிட்டார். நாலு மாதம் கழித்து வந்த தகட்டில் ஓட்டம் நன்றாகவே கூடியிருந்தது. ஒரே ஆளுக்கே மாதிரிக்கு மாதிரி ஏறி இறங்கும் என்பதால் ஒற்றை ரிப்போர்ட்டை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதற்காகத்தான் டாக்டர்கள் இரண்டு தடவை எடுக்கச் சொல்கிறார்கள்.

"எங்க வீட்டுல பொம்பளைங்க யாரும் குடிக்கிறதில்லை. அப்புறம் அவளுக்கென்ன?"

உண்மைதான். 2016-17இல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் புகைக்கும் ஆண்கள் 19 சதவீதம், பெண்கள் 2 சதவீதம். ஆனால் புகைக்கு வாசற்படி தெரியாது.

கனடாவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு. ஐ.வி.எஃப். என்கிற சோதனைக்குழாய்ச் சிகிச்சை செய்துகொண்ட பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள்: புகைப்பவர்கள், தான் புகைக்காமல் கூட இருப்பவர் புகைக்கும் வீட்டில் வாழ்பவர்கள், புகையே படாதவர்கள். மைக்ராஸ்கோப்பில் கரு மூன்று கூட்டத்திலும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. கரு தங்கியதில்தான் வித்தியாசம். முதல் இரண்டு கூட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே விகிதம். அது மூன்றாவது கூட்டத்தின் விகிதத்தில் பாதிகூட இல்லை. குடித்தவளுக்கும் பக்கத்தில் இருந்தவளுக்கும் ஒரே பலன்.

பெண்ணின் கணக்கே வேறு. ஆணுக்கு அது வருஷம் முழுக்க விளைகிற வயல். பெண்ணுக்கோ தாத்தா காலத்தில் விதைநெல்லை வைக்கோல் சுற்றிக் கோட்டை கட்டி வைப்பார்களே, அது மாதிரி. தாயின் வயிற்றில் இருக்கும்போது 60, 70 லட்சம் கருமுட்டை, பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், வயதுக்கு வரும்போது 3, 4 லட்சம். புதிதாக ஒன்றும் சேராது. புகையில் இருக்கும் ரசாயனங்கள் அந்தக் கோட்டையில் ஓட்டை போடுகிற எலி. புகைக்கிற பெண்களுக்கு மாதவிலக்கு 1 முதல் 4 வருஷம் முன்னதாகவே நின்றுவிடுகிறது. முட்டையைச் சுற்றியிருக்கும் நீரில்கூட நிகோடினின் மிச்சத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கருக்குழாயின் உட்சுவரில் பூனைமுடி போல ஆடிக்கொண்டே கருவைக் கர்ப்பப்பைக்குத் தள்ளிவிடும் நுண்மயிர்களும் புகையால் சோம்பிவிடும். கரு வழியிலேயே, குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து கூடுகிறது. அது உயிருக்கே உலை வைக்கும்.

இதைத்தான் ஜன்னலோரத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குடிக்கிற அண்ணனுக்கு, விட்டால், மூன்று மாதத்தில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். பக்கத்தில் மூச்சு விட்ட அண்ணிக்குப் போன முட்டை போனதுதான்.

"நான் பீடி சுத்துறேன். தினம் முறத்து மேலதான் வாழ்க்கை. எனக்கு ஒண்ணும் ஆகாதா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள், இலையும் தூளும் வைத்துப் பீடி சுற்றுகிற அந்த முறம்தான் சோறு போடுகிறது என்பதால். கடையம், ஆலங்குளம், முக்கூடல் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு அதுதான் கதை. என் அம்மாவும் சுற்றினாள். கத்திரியால் இலை வெட்டும் சத்தத்தில்தான் நான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன்.

பீடி சுற்றுவதும் குடிப்பதும் ஒன்றல்ல. எரிகிற புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயு புகையிலைத் தூளில் இல்லை. ஆனால் நிகோடின் தோல் வழியாகவே உள்ளே போகும், தூள் மூக்கு வழியாகவும் போகும். பீடி சுற்றும் பெண்களின் சிறுநீரில் நிகோடினின் மிச்சத்தைக் கண்டிருக்கிறார்கள். ஆக, படுக்கிற அறையில் தூளை வைக்காதீர்கள். திண்ணையில், காற்றுப் பார்த்து உட்காருங்கள். மடியில் விரிக்கத் தனித்துணி, மூக்குக்கு ஒரு துணி. சாப்பிடும் முன் தண்ணீரில் அலசினால் போதாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே முறத்தை மாமியாரிடமோ நாத்தனாரிடமோ கொடுத்துவிட முடிந்தால் நல்லது. முடியாத வீடுகள் உண்டு என்று எனக்குத் தெரியும். அங்கே குறைந்தபட்சம், அவள் சுற்றுகிற அதே அறையில் அவர் உட்கார்ந்து குடிக்காமல் இருக்கலாமே?

"பீடியில புகையிலை கொஞ்சம்தானே? சிகரெட்டைவிட மேல் இல்லையா?"

இல்லை. ஒரு பீடியில் புகையிலை சிகரெட்டில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் இலையில் காற்று புகாது, இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் வேகவேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். தாரும் நிகோடினும் கார்பன் மோனாக்ஸைடும் சிகரெட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோதான் உள்ளே போகின்றன.

"நான் புகைக்கிறதில்லை, ஹான்ஸ் மட்டும்தான்."

குட்கா வகையறாவுக்குக் கேரளாவில் 2012இலும் தமிழ்நாட்டில் 2013இலும் தடை வந்தது. ஆனாலும் உதட்டுக்குள் ஒதுக்கியிருப்பவர் பேசும்போது தெரிந்துவிடும். மும்பையில் புகைக்காமல், மெல்ல மட்டும் செய்கிற 600க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2005இல் வந்தது. மெல்லும் அளவு கூடக்கூட எண்ணிக்கையும் ஓட்டமும் வடிவமும் இறங்கிக்கொண்டே போயின. வெற்றிலையோடு போடுகிற புகையிலையும் இதில் சேர்த்தி. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு நிறுத்திக்கொண்டால்? பாக்கே வாய்ப்புற்றுக்குக் காரணம், அதுவும் வேண்டாம்.

இ-சிகரெட் 2019 முதல் நாடு முழுக்கத் தடை. கஞ்சா விந்தணுவுக்கு ஆகாது. இவ்வளவுதான் இதில் சொல்ல இருக்கிறது.

"நகையை அடகு வச்சு ஐ.வி.எஃப். பண்ணப்போறோம். அதுக்கப்புறம் விட்டாப் போதாதா?"

ஐயா, அந்த நகைக்காகவாவது முன்னாடி விடுங்கள். புகைக்கிற பெண்களுக்குக் கரு தங்க ஏறத்தாழ இரண்டு மடங்கு சுற்று தேவைப்படுகிறது என்று அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமே சொல்கிறது. கணவர் புகைத்தாலும் வெற்றி குறையும். ஊசியும் மருந்தும் முட்டையை எடுத்துத்தான் தரும். புகையில் கெட்டதைச் சரி செய்து தராது. மூன்று மாதத்துக்கு முன் இரண்டு பேரும் புகையை விட்டு விலகிவிட்டு ஆரம்பிப்பதே காசுக்கு மரியாதை.

"ஜிங்க் மாத்திரை சாப்பிட்டா ஈடுகட்டிக்கலாம்னு மெடிக்கல்ல சொன்னாங்களே?"

அமெரிக்காவில் 2,370 ஆண்களுக்கு ஆறு மாதம் ஜிங்க்கும் ஃபோலிக் ஆசிடும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. விந்தணுவின் தரமும் கூடவில்லை, பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடவில்லை. லேகியத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். ஒன்று கவனியுங்கள், பெண்ணுக்கு டாக்டர் எழுதும் ஃபோலிக் ஆசிட் வேறு விஷயம். குழந்தையின் தண்டுவடத்துக்காகக் கொடுப்பது. அதை நிறுத்தக் கூடாது.

"வேற ஒரு பிரச்சினை... எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

தெரியும். விறைப்புக் குறைவு. புகை ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அந்த உறுப்பின் குழாய்கள் சின்னவை, முதலில் அங்கேதான் தெரியும். இதயத்துக்கும் பிறகு அதே கதி வரலாம் என்பதால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"ஒரேயடியா விடணுமா, குறைச்சுக் குறைச்சா?"

நான் பார்த்தவரை, "நாளைக்கு அஞ்சு, அடுத்த வாரம் மூணு" என்று கணக்குப் போட்டவர்கள் அஞ்சிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு நாளைக் குறித்து அன்றைக்கு விட்டவர்கள்தான் அதிகம் தேறினார்கள். முதல் மூன்று நாள் மோசம்: எரிச்சல், தூக்கமின்மை, யாரைப் பார்த்தாலும் சண்டை. இரண்டு, மூன்று வாரத்தில் தணியும். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிஷம்தான் நிற்கும். அந்த நேரத்தில் கொஞ்சம் நடங்கள், தண்ணீர் குடியுங்கள். விடிகாலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்கு முதல் பீடியை விடுவதுதான் பெரும்பாடு. அந்த நேரத்துக்குக் கட்டன்சாயா (பால் விடாத டீ) உதவியது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

தனியாக முடியாவிட்டால் நிகோடின் சூயிங்கம் இருக்கிறது, டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகளும் இருக்கின்றன. 1800-11-2356 என்ற இலவச எண் சிகரெட், பீடி அட்டைகளிலேயே அச்சாகியிருக்கும். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். எத்தனை வருஷமாகக் கையில் வைத்திருந்தும் அந்த எண்ணைப் படித்தவர்கள் குறைவு.

"இப்பதான் தங்கியிருக்கு. இனிமேல் அவர் குடிச்சா?"

வெளியே போய்க் குடித்தாலும் சட்டையிலும் மூச்சிலும் வரும். கருக்கலைவு, எடை குறைந்த குழந்தை, மாதம் முந்திய பிரசவம், நஞ்சுக்கொடி விலகல் எல்லாம் புகையோடு தொடர்புள்ளவை. பஸ் ஸ்டாண்டிலோ டீக்கடையிலோ பக்கத்தில் யாராவது பற்றவைத்தால் தயங்காமல் சொல்லுங்கள். பொது இடத்தில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999லேயே தடுத்தது. 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க விதி இருக்கிறது, 200 ரூபாய் வரை அபராதம்.

"மாமியார் என்னைத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. அவரும் வரணுமா?"

அவர்தான் முதலில் வர வேண்டும். குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதியில் ஆணின் பங்கும் இருக்கிறது. அவருக்கு ஒரு டப்பா போதும். அவளுக்கோ ஸ்கேன், ரத்தம், குழாய் அடைப்புப் பார்க்கிற எக்ஸ்ரே. வலி குறைந்த, செலவு குறைந்த பரிசோதனையை முதலில் செய்வதுதானே புத்தி? ஆனாலும் எத்தனையோ பெண்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்துக் கணவரின் முதல் டப்பாவோடு வருகிறார்கள். பெண்ணுக்கு 35க்குள் என்றால் ஒரு வருஷம், 35 தாண்டினால் ஆறு மாதம் பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள். மாமியாரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் "லேப்ல ரெண்டு பேரும் வரச் சொன்னாங்க" என்று என் தலையில் போடுங்கள்.

"ஆரியங்காவுல இருந்து வர்றோம். மாதிரியை வீட்டுல இருந்தே கொண்டுவரலாமா?"

எடுத்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் என் கைக்கு வர வேண்டும். புளியரை எஸ் வளைவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றால் அந்த ஒரு மணி நேரமும் அங்கேயே போய்விடும். அதனால் இங்கேயே வந்து கொடுங்கள், தனி அறை இருக்கிறது, தாழ்ப்பாளும் நன்றாக விழும். செங்கோட்டைக்குள் இருந்தால் வீட்டிலிருந்து கொண்டுவரலாம்: நாங்கள் தரும் டப்பாவில் மட்டும், சோப்பும் எண்ணெயும் படாமல், முதல் சொட்டு முதல் கடைசிச் சொட்டு வரை. உடம்புச் சூடு போகாமல் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் வேண்டாம், பைக் டேங்க் மேலும் வேண்டாம். காலை 8 முதல் 11 வரை. ஞாயிறு கிடையாது.